திருப்பித் தொங்கவிடப்பட்ட தக்காளிகள்

பிலோமினா அக்கா இறந்த செய்தி எங்கள் தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். தொலைபேசி கண்ணாடிக்குக் கீழே அதிர்ந்தது. "எமது அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அயலவர் செல்வி பிலோமினா அவர்கள் இன்று அதிகாலை களுபோவில மருத்துவமனையில் இறைபதம் எய்தினார் என்பதை ஆழ்ந்த துயருடன் அறியத்தருகிறோம்" என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் எழுதியிருந்தார். அதன் கீழே கூப்பிய கைகளும் வெள்ளைப் பூக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நான் விரலால் திரையைச் சற்று மேலே தள்ளினேன். அந்தக் குழுவில் அக்காவைப் பற்றி அதற்கு முன்னர் எழுதப்பட்ட செய்தி இன்னும் அங்கேயே இருந்தது. மொட்டைமாடியிலிருந்து அவருடைய சாடிகளை அகற்றுமாறு கோரும் அறிவித்தல் அது. இரண்டையும் எழுதிய கை ஒன்று. இரண்டிலும் இருந்த மரியாதையும் ஒன்று.

நம் மொட்டைமாடியில் அவர் பெயரில் ஒரு பூந்தோட்டம் அமைக்கப் போகிறார்களாம். அதைத் திறந்துவைக்கும் நாளில் வாசிப்பதற்கு ஒரு நினைவஞ்சலி எழுதித் தருமாறு சங்கம் என்னைக் கேட்டது. எழுதியிருக்கிறேன். இதை வாசிப்பதானால் முழுவதும் வாசிக்கட்டும். ஒருவரின் நற்குணங்களைச் சொல்லிவிட்டு, அவை யாருக்கு முன்னால் நற்குணங்களாக நிற்க வேண்டியிருந்தது என்பதை மறைக்கும் அஞ்சலி, இறந்தவருக்குச் செய்யும் இரண்டாவது அவமதிப்பு.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும், நம்மில் பலர் அவரை அறிந்ததே தக்காளியின் வழியாகத்தான். ஆகவே கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கா கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வுபெற்றார். திருமணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில், நம் கட்டடத்தின் நாலாம் மாடியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த வெயில் வராத வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக வந்தார். அவர் வந்த வாரத்தில் லிப்டில் இருவர் கதைத்துக்கொண்டது எனக்குக் கேட்டது. "வேதக்காற மனிசி போல. கதை எல்லாம் கொழும்புக் கதை." கிறிஸ்தவர், நம் பேச்சு இல்லாதவர் என்பதற்கு மேல் குற்றம் என்று எதையும் அவர்கள் சொல்லவில்லை. எப்படிச் சொல்லாமல் சொல்வது என்பதில் நாம் எப்போதும் தேர்ந்தவர்கள்.

நான் அவரை முதலில் கண்டது மொட்டைமாடியில். கட்டுமானப் பொறியியலாளன் என்பதால் தண்ணீர்த் தாங்கியின் அடியில் ஒரு வெடிப்பைப் பார்த்துவிடும்படி என்னை மேலே அனுப்பியிருந்தார்கள். வெற்று யோகட் கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அடியிலும் சூடாக்கிய ஆணியால் துளையிட்டுக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"சலாதுத் தக்காளி போடப்போறேன், தம்பி."

"கொழும்பிலயோ? இந்த வெக்கைக்குக் காய்க்காது அக்கா. அது நுவரெலியாச் சாமான்."

"நீங்க விவசாயமா படிச்சீங்க?"

"இல்லை, எஞ்சினியரிங்."

"அப்ப தாங்கியப் பாருங்க."

விதை எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு ஒருநாள் அவரே சொன்னார். அவர் ஓய்வுபெற்ற நாளன்று கம்பனி காலிமுகத்திடல் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் விருந்து கொடுத்தது. தட்டில் வைத்த சலாதில் வட்டமாக வெட்டிய தக்காளித் துண்டுகள் இருந்தன. வெட்டியும் நீர் வடியாமல், விளிம்பு மடங்காமல் கிடந்தனவாம். முகாமையாளர் எழுந்து அவரைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா இரண்டு துண்டுகளைக் கடதாசித் துவாலையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துவிட்டார். "முப்பது வருசத்துக்கு மேல உழைச்சதுக்கு அவனுங்க எனக்குத் தந்ததுல நல்ல சாமான் அது ஒண்ணுதான்" என்பார். சலாதுத் தக்காளிக்கு அவர் வைத்திருந்த இலக்கணமும் அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான்: "வெட்டினா அழக் கூடாது."

ஹோட்டல் தக்காளியின் விதை தாயைப்போல் பிள்ளை தராது. முதல் விதைப்பில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு குணம் காட்டியது. ஒன்று புளித்தது, ஒன்று கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது, இன்னொன்று இலையாகவே வளர்ந்தது. பெரும்பாலானவை பூத்தன, பூ உதிர்ந்தது, அவ்வளவுதான். கொழும்பின் இரவுச் சூட்டில் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காது என்று நான் சொன்னது உண்மைதான்; ஆனால் எல்லாச் செடிக்கும் அது உண்மையல்ல என்பதை நான் அறிந்திருக்கவில்லை. ஏதோ ஒரு செடியில் ஏதோ ஒரு கொத்துப் பிடித்தது. அந்தச் செடியின் பழத்திலிருந்து மட்டும் விதை எடுத்தார். மற்றவற்றைப் பிடுங்கி எறிந்தார். அடுத்த போகத்திலும் அப்படியே. "பூக்கிறது பெருமையில்ல தம்பி. பிடிக்கிறதுதான் பெருமை" என்று சொல்லிக்கொண்டே, அத்தனை உயரத்துக்குத் தேனீ வராது என்பதால், காலையில் ஒவ்வொரு பூக்கொத்தின் காம்பையும் ஒரு பென்சிலால் மெல்லத் தட்டுவார். வாழ்நாளெல்லாம் தட்டெழுத்து இயந்திரத்தைத் தட்டிய விரல்கள். அந்த அளவான அடி வேறு யாருக்கும் வந்திருக்காது.

அவர் கைப்பழக்கத்தை நான் வியந்து பார்த்திருக்கிறேன். நாற்று இரண்டு சோடி இலை விட்டதும் பெரிய சாடிக்கு மாற்றுவார். தண்டைக் கழுத்துவரை மண்ணுக்குள் புதைத்துவிடுவார். புதைத்த தண்டெல்லாம் வேர்விடும் என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. கடல் பக்கத்திலிருந்து உப்புக்காற்று பலமாக வீசிய நாட்களில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுவார். விதைக்கென்று விட்ட பழத்தின் சதையை ஜாம் போத்தலில் நீருடன் வைத்துப் புளிக்கவிட்டு, மேலே பூஞ்சணம் படர்ந்ததும் கழுவி, பீங்கானில் பரப்பி உலர்த்துவார். அந்தப் போத்தல் நாறும். "பொறக்கிறதுன்னா கொஞ்சம் நாறத்தான் செய்யும்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நாலைந்து போகத்துக்குப் பிறகு நம் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே, வெட்டினால் அழாத தக்காளி காய்த்தது. அதை அவர் விற்கவில்லை. பழைய துணிகளில் சின்னச் சின்னப் பைகள் தைத்தார். வீட்டுக்கு ஒரு துணி. எங்கள் வீட்டுக்கு நீலக் கட்டம். பையில் பழம் போட்டு ஒவ்வொரு வீட்டுக் கதவின் கைபிடியிலும் தொங்கவிடுவார். சாப்பிட்டு முடித்தால் வெறும் பையை அவருடைய கைபிடியில் தொங்கவிட வேண்டும். அது மறுபடி நிரம்பி வரும். மணி அடிப்பதில்லை, நன்றி கேட்பதில்லை. நம் கட்டடத்தில் யாரும் யாருடைய வீட்டுக்கும் போவதில்லை என்ற நிலையில், அந்தப் பைகள் மட்டும் மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வாங்கினோம். சாப்பிட்டோம். சங்கத் தலைவரின் மனைவி குழுவில் படம் போட்டார்: வட்டமாக வெட்டிய தக்காளி, மேலே மிளகுத்தூள். அப்போதும் கூப்பிய கைகள் வந்தன.

இனி நடந்ததை நான் தணித்து எழுதப் போவதில்லை.

கந்தசஷ்டி விரதத்தின் நடுவில், மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலையில், தலைவரின் மனைவி மோர்மிளகாய் காயவைக்க மேலே போயிருக்கிறார். ஒரு காகம் தக்காளிச் சாடி ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தது. அது இழுத்தெடுத்த மீன்தலையைத் தூக்கிக்கொண்டு பறந்து, மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டது. அக்கா மீன் வெட்டிய கழிவைச் சாடியின் அடியில் புதைத்து, அதன்மேல் மண் போட்டு நட்டிருந்தார். அவர் அதை ஒளித்துச் செய்யவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாம் தக்காளி எப்படி இவ்வளவு நன்றாக வருகிறது என்று வியந்தோமேயொழிய ஒருநாளும் கேட்கவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் செய்தி எல்லா மாடிக்கும் போய்விட்டது. விரதகாரர்கள் ஒருபொழுதுச் சோற்றோடு சாப்பிட்ட சலாது மீனில் விளைந்தது. அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது நாலாம் மாடியில் லிப்ட் ஒருகணம் நின்று திறந்தது. அக்காவின் கதவைக் கண்டேன். கைபிடியில் பைகள் தொங்கின. ஒன்றின்மேல் ஒன்றாக, பழத்தோடு. கைபிடி கொள்ளாமல் சில தரையில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் நீலக் கட்டம் போட்ட பையும் இருந்தது.

நான் இறங்கி அந்தப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி சாமியறையிலிருந்து வெளியே வந்தார். வெளிநாட்டில் படிக்கும் மகளுக்காக அவர் பிடித்த விரதம் அது. "ஏனப்பா திருப்பிக் கொண்டந்தனீங்கள்? நான் கோவத்தில குடுக்கேல்லை. விரதம் முடியட்டும் எண்டுதான்" என்றார். அது உண்மை. அவர் நல்லவர். அந்தப் பைகளைத் தொங்கவிட்ட எல்லோரும் நல்லவர்கள்தான். என் கோபத்துக்கு இடமில்லாமல் செய்வதும் அதை ஆறவிடாமல் வைத்திருப்பதும் அந்த நல்லதனம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாகனத் தரிப்பிடத்தில் கூட்டம். அக்காவும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் போட்டு உட்கார்ந்தார்.

"விரதகாலம் எண்டு தெரிஞ்சுகொண்டுதானே தந்தனீங்கள்?" என்று தலைவரின் மனைவி கேட்டார்.

"நான் தக்காளி தந்தேன். மீன் தரல்லியே."

"மீனில வளந்ததெல்லோ?"

"அப்ப நீங்க மாக்கெட்ல வாங்குற தக்காளி எதுல வளருதாம், பன்னீர்லயா? கோழி எருவுல. கோழிய விட மீன் என்ன பாவம் செஞ்சிச்சு?"

பின்னால் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். குரலை உயர்த்திப் பழக்கமில்லாதவர். "இது பகிடி இல்லை, மிஸ். ஆக்களின்ர நம்பிக்கை" என்றார்.

"பகிடி இல்லதான், ஐயா. எங்கள நீங்க எரிக்கிற மாதிரி எரிக்க மாட்டாங்க. மண்ணுக்குள்ளதான் வைப்பாங்க. அதுக்கு மேல புல்லு மொளைக்கும், மாடு திங்கும், பால் உங்க கோப்பிக்கு வரும். அப்பவும் கூட்டம் போடுவீங்களா?"

கூட்டம் தீர்மானம் எதுவும் இல்லாமல் கலைந்தது. அக்கா தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அவர் வென்றுவிட்டதாக நான் நினைத்தேன். நியாயத்தால் வெல்லலாம் என்று ஒரு பொறியியலாளன் நினைக்கும் பிழை அது.

சில நாட்களில் தலைவர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் தந்தார். "நேரா மீன் எண்டு எழுதேலாது, தம்பி. சமயப் பிரச்சினை மாதிரிப் போயிடும், எங்களுக்கும் வடிவில்லை. நீங்கள் எஞ்சினியர். கூரை பாரம் தாங்காது எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ. காணும்."

"மேல நிக்கிற தண்ணித் தாங்கியின்ர பாரத்துக்கு அந்தச் சாடியள் ஒரு தூசு."

"அது எங்களுக்குந் தெரியும்" என்றார்.

இதை இன்றும் அதே குளிரோடு கேட்கிறேன். அவர் ஏமாந்திருந்தால் மன்னித்திருப்பேன். பொய் என்று தெரிந்த ஒன்றுக்குப் பட்டம் பெற்றவனின் கையொப்பம் வேண்டும் என்று கேட்டபோது, நான் தருவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. நான் தரவில்லை. ஆனால் அவர் என்னை அப்படி நம்பும்படி இத்தனை வருடம் நான் எப்படி வாழ்ந்திருக்கிறேன் என்று எண்ணும்போது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

என் வரி இல்லாமலே அறிவித்தல் வந்தது. பாரம் போய், நீர்க்காப்பு வேலை என்றாகியிருந்தது. மொட்டைமாடியில் நீர்க்கசிவைத் தடுக்கும் வேலைகள் தொடங்கவுள்ளமையால், எல்லாப் பொருட்களையும் இரு வாரங்களுக்குள் அகற்றி ஒத்துழைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. எல்லாப் பொருட்களும் என்றால் துணிக்கொடி அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

அக்கா தொலைபேசியைத் தூரப் பிடித்து அதை இரண்டு தடவை வாசித்தார். "நல்லா எழுதியிருக்காங்க. நானே இப்படி எத்தன அடிச்சிருப்பேன், தம்பி. ஆள வேலைய விட்டு அனுப்பும்போது டைரக்டர் சொல்லச் சொல்ல அடிச்சது. உண்மையான காரணம் இருந்தா இவ்வளவு மரியாதை இருக்காது."

நம்மைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வெள்ளவத்தையில் போர்க்காலத்தில் நம் கதவுகளைத் தட்டிய பொலிஸ்காரர்கள் உண்மையான காரணத்தைச் சொன்னதில்லை. பதிவு என்றார்கள், வழமையான சோதனை என்றார்கள். பெரும்பாலும் மரியாதையாகவே சொன்னார்கள். படிவத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்பது தட்டியவருக்கும் தெரியும், திறந்தவருக்கும் தெரியும். அப்போது நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அந்தத் தட்டும் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. அதைப் பற்றி நாம் வெளிநாட்டு மாநாடுகளில் கட்டுரை வாசித்திருக்கிறோம். அவ்வளவும் கற்றது, ஒரு கிழவியின் தக்காளிச் சாடிக்கு அதே மாதிரி ஒரு படிவம் எழுதத்தானா?

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்தப் போகத்தில் இரண்டு செடிகள் அதுவரை எதுவும் பிடிக்காத அளவுக்குக் கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தன. காய் பச்சையாக இருந்தது. அது பழுத்து விதை எடுக்கும்வரை பொறுக்க வேண்டும். "அதுக்குப் பொறகு நானே தூக்கிடுறேன்னு சொல்லுங்க. மீன் போடல்லன்னும் சொல்லுங்க. இப்ப போடுறது வெறும் இலைக்குப்பைதான்." அதை நான் தலைவரிடம் கொண்டுபோனேன். "ஓம் ஓம், அதுக்கென்ன, பாப்பம்" என்றார்.

பார்த்தார்கள். நான் மாத்தளையில் ஒரு வேலைத்தளத்தில் இருந்த நாட்களில் இரண்டு கூலியாட்கள் வந்து சாடிகளைக் கீழே இறக்கி வாகனத் தரிப்பிடத்தில் வைத்துவிட்டார்கள். எறியவில்லை; நாம் அப்படிச் செய்கிறவர்கள் அல்லர். ஒழுங்காக, சுவரோரமாக, வெளிச்சம் வராத இடத்தில் அடுக்கினார்கள். தூக்கும்போது தண்டுகள் ஒடிந்திருந்தன. நான் திரும்பி வந்தபோது அக்கா பச்சைக் காய்களையெல்லாம் பறித்துப் பத்திரிகைத்தாளில் சுற்றித் தன் சமையலறையில் பழுக்க வைத்திருந்தார். அவை சிவந்தன. ஆனால் பறித்த காய் விதைக்கு முற்றியிருக்கவில்லை. ஜாம் போத்தலில் புளிக்க வைத்தார், கழுவினார், உலர்த்தினார், யோகட் கோப்பைகளில் போட்டார். நாள்தோறும் மாலையில் போய்ப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. முந்திய போகத்து விதை முழுவதையும் அந்தப் போகத்துக்கே விதைத்துவிட்டிருந்தார். கதவில் திரும்பி வந்த பழங்களையும் விதைக்கு வைக்காமல் அப்போதே எறிந்துவிட்டிருந்தார். வைத்துக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. நீர்க்காப்பு வேலை இன்றுவரை தொடங்கவும் இல்லை.

அந்த மாலைகளில் ஒன்றில்தான் அவர் என்னைக் கேட்டார்: "அன்னைக்கு உங்க வீட்டுப் பைய மட்டும் எடுத்துட்டுப் போனீங்களே, கதவு ஓட்டையால பாத்துட்டுத்தான் இருந்தேன். வெக்கமா, இல்ல பசியா?"

நான் யோகட் கோப்பை ஒன்றை வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தினேன். "பசின்னா சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு பழம் போட்டிருப்பேன்" என்று சிரித்தார். உடல் அதற்குள் வற்றத் தொடங்கியிருந்தது.

களுபோவில மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனபோது வார்டு நிறையப் பார்வையாளர்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண்மணி தன் ஆரஞ்சில் பாதியை உரித்து அக்காவின் கையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதைச் சுளையாகப் பிரித்து எனக்கும் தந்தார். விதை போய்விட்டதே என்று நான்தான் தொடங்கினேன்.

"விதை போனா போகட்டும் தம்பி. ஹோட்டல்ல இன்னும் சலாது வைக்கிறாங்கதானே. நான் அதுக்குப் பின்னால திரிஞ்சதே குடுக்கத்தான். எனக்கு ஒருத்திக்கு எத்தன தக்காளி வேணும்? நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு தின்னுட்டு, என் கையால குடுத்தத கொண்டாந்து தொங்கவிட்டாங்களே." தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "அது மட்டும் இங்க நிக்குது. இன்னொரு தரம் எங்கிட்ட வாங்கித் தின்னாங்கன்னா எறங்கிடும்."

"சுகமாகி வாங்கோ அக்கா. நான் கதைக்கிறன் எல்லாரோடையும்."

"கதைச்சா சரிவராது. நீங்க எல்லாம் படிச்ச ஆக்கள், கதைச்சா கதைக்குக் கதை சொல்லுவீங்க." கடைசிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "என் முப்பத்தொண்டாம் நாள் பூசைக்கு பில்டிங் ஆக்கள் வருவாங்களா?"

"அப்பிடிக் கதைக்காதேங்கோ."

"வருவாங்க. செத்தவங்க வீட்டுக்கு வராம இருக்க மாட்டாங்க. நல்ல சனம்."

வந்தோம். வத்தளையில் அவருடைய தங்கை திரேசாவின் வீட்டில் முப்பத்தோராம் நாள். தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டு முற்றத்தில் கூடாரம் போட்டு மத்தியானச் சாப்பாடு. நம் கட்டடத்திலிருந்து வான் பிடித்து, வெள்ளை உடுத்து, ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் போயிருந்தோம். பந்தி தொடங்குமுன் தலைவரின் மனைவி திரேசாவை ஒருபுறம் அழைத்தார். குரலைத் தாழ்த்தினாலும் கேட்டது.

"பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. எல்லாம் மரக்கறிதானே?"

"மரக்கறிதான் அன்ட்டி. பயப்படாமச் சாப்பிடுங்க. சட்டி, தாச்சி, அகப்பை எல்லாமே புதுசு, மீன் படாதது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக முந்தியே வாங்கி எங்க வீட்டுல அடுக்கிட்டாங்க. 'என் பில்டிங் ஆக்கள் வருவாங்க, நம்ம சட்டியில சமைச்சா அவங்களுக்கு மனசு வராது, இதுல சமைச்சுக் குடு, நான் குடுத்ததா இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனாங்க."

திரேசா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. விருந்தாளியின் மனம் குளிரட்டும் என்று சொன்னார். அதனால்தான் அது அப்படிப் போய் இறங்கியது. தலைவரின் மனைவி கையிலிருந்த வாழையிலையைப் பார்த்தபடி நின்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு முதியவர் பந்தியிலிருந்து உரத்துக் கேட்டார்: "முப்பத்தொண்டுக்கு ஒரு மீன் துண்டு இல்லியா? எங்க பிலோவா இப்படிச் செஞ்சிட்டுப் போனா?" திரேசா திரும்பி, "வாய மூடிட்டுச் சாப்பிடுங்க மாமா, விருந்தாளிங்க இருக்காங்க" என்றார். அந்த மனிதர் ஒரு நாளும் மரக்கறிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திராதவர். நமக்காக உட்கார்ந்தார். நாமும் உட்கார்ந்தோம். சாப்பிட்டோம். சிலர் மறுசோறு வாங்கினோம். யாரும் இலையை மூடிவிட்டு எழும்பவில்லை, நானும் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் அது அவருக்கு இன்னொரு பையைத் திருப்பித் தொங்கவிட்டதாக இருந்திருக்கும்.

கை கழுவும் இடத்தில் தலைவர் என்னருகே வந்தார். "சுத்தமான சாப்பாடு" என்றார். திரேசா சொன்னது அவருக்குக் கேட்டிருக்கவில்லை, அல்லது கேட்டிருந்தது. அங்கேயேதான், கை துடைத்துக்கொண்டு, பூந்தோட்டத் திட்டத்தைச் சொன்னார். அக்காவின் தக்காளி விதை கொஞ்சம் கிடைத்தால் நல்லது என்றும், அஞ்சலியை நான் எழுதினால் பொருத்தம் என்றும் சொன்னார்.

விதை இல்லை, ஐயா. இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாலைந்து போகம் உழைத்து ஒருவர் உண்டாக்கிய ஓர் உயிர்வகை நம் வாகனத் தரிப்பிடத்தின் சுவரோரத்தில் முடிந்துபோயிற்று. தோட்டம் அமைப்பதானால் அமையுங்கள், பெயர்ப்பலகையும் வையுங்கள். அதில் நீர்க்காப்பு வேலையைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்.

நான் வைத்திருப்பது என்ன என்று சொல்லி முடிக்கிறேன். அன்று எல்லோரும் வானில் ஏறிக்கொண்டிருந்தபோது நான் பின்கட்டுக்குப் போனேன். திரேசா கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் புதுச் சட்டிகளில் ஒன்றைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கண்ணே? நாளைக்கு அதுல மீன் வைக்கலாம்னு இருந்தேனே" என்று சிரித்தார், அக்காவின் சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைத்துத் தந்தார்.

அதை மடியில் வைத்துக்கொண்டு வானில் வந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் என் மனைவி கேட்டார், சொன்னேன். அவர் அதை வாங்கி, ஏற்கெனவே துடைத்திருந்ததை இன்னொரு தடவை துடைத்து, எங்கள் பாத்திரங்களுக்கு நடுவே வைத்தார். அது எங்கள் சமையலறையில் இருக்கிறது. மீன் படாதது, நமக்கென்றே வாங்கப்பட்டது, எங்கள் வீட்டில் அதைவிடச் சுத்தமான பொருள் வேறில்லை. அதில் அரிசி போட எங்கள் இருவருக்கும் இன்னும் கை வரவில்லை.